மாடியே படகாகும் மழை நாட்கள்



படகு வீடு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? காஷ்மீரின் தால் ஏரியும், கேரளத்தின் காயல்களும்தானே! இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் பிரான்ஸ் நாட்டையும் சொல்வார்கள். அங்கே ஆறுகளிலும் கால்வாய்களிலும் பழைய சரக்குப் படகுகளை வாங்கி, அவற்றிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்படி, படுக்கையறை, பூச்சட்டி, பூனைக்குட்டி எல்லாமே படகுக்குள்தான்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வானம் இருண்டு, மழை விடாமல் பிடித்துக்கொண்டால்?

2016 ஜூன் மாதத் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் நடுவே ஓடும் செய்ன் நதி 6 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. கரையோரப் பாதைகள் மூழ்கின. ஓர் எட்டு வைத்தால் கரை என்றிருந்த படகு வீடுகளுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் படகில் இருப்பவர்களுக்குப் பெரிய கவலை சாப்பாடு அல்ல, கயிறு! படகை இறுக்கிக் கட்டியிருந்தால், நீர் உயரும்போது ஒரு பக்கம் இழுபட்டுச் சரிந்துவிடும். தளர்த்தி விட்டிருந்தாலோ கரைமேல் மிதந்து ஏறி, நீர் வடியும்போது அங்கேயே அமர்ந்துவிடும். ஆகவே நீர் ஏற ஏறக் கயிற்றை விட்டுக்கொடுத்தும், இறங்க இறங்க இழுத்துக் கட்டியும் இரவில் கூட விழித்திருக்க வேண்டும்.

"எங்கேயோ இருக்கிற பாரிஸுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். அதற்கு இரண்டே வாரங்களுக்கு முன்னர்தான் நம் சப்ரகமுவ மாகாணத்தில் ஆறும் மலையும் ஒன்றாகச் சேர்ந்து மனிதரைச் சோதித்தன. எங்கள் ஊர்களிலும் ஒரு காலத்தில் படகிலே வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் சில நாட்கள் படகிலே வாழ்வதுபோல வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

ஆற்றில் இறங்கிய தேயிலை

கொழும்பிலிருந்து புறப்பட்டு அவிசாவளைக்கு வந்தால் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று களனி கங்கையோடு சேர்ந்துகொண்டு எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக மலை ஏறுகிறது. அது கேகாலை மாவட்டம். மற்றது குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்குப் போகிறது. இரண்டு வழியிலும் இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மாறி மாறி வரும். நடுநடுவே பலா மரமும் பாக்கு மரமும் சூழ்ந்த வீடுகள். சரிவுகளிலே வரிசையாகத் தோட்ட லயங்கள். மழைக்காலமென்றால் மேகம் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும்.

களனி கங்கை, களு கங்கை என்ற இரண்டு ஆறுகளும் ஒரே மலைத்தொடரின் பிள்ளைகள். நாம் பாவா ஆதம் மலை என்கிறோமே, பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் அழைக்கும் மலை, அதன் பக்கங்களில்தான் இரண்டும் பிறக்கின்றன. 1344ஆம் ஆண்டளவில் மொரோக்கோ தேசத்து யாத்திரிகர் இப்னு பதூதா அந்த மலையில் ஏறி, தம் பயண நூலிலும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்தப் பக்கத்துக்கு ரயில் வந்தது மிகவும் பிந்தித்தான். களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. அதற்கு முன்னர் தோட்டத்துச் சரக்கு எப்படிக் கொழும்புக்குப் போயிற்று? மாட்டு வண்டியில் கொஞ்சம், ஆற்றுப் படகில் கொஞ்சம். எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைப் பக்கத்துச் சரக்கு களனி கங்கை வழியாக இறங்கியது. இரத்தினபுரிச் சரக்கு களு கங்கை வழியாகக் களுத்துறைக்கு வந்து சேர்ந்தது. முதலில் கோப்பி, அது நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலை. இவற்றோடு பாக்கும் பலசரக்கும்.

அந்தப் படகுகளைச் சிங்களத்தில் 'பாருவ' என்பார்கள். அடிப்பக்கம் தட்டையாக, வயிறு அகன்று, மேலே கிடுகுக் கூரை வளைத்துப் போட்டிருக்கும். கூரையின் கீழே சரக்கு. மூங்கில் கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் மேலே ஏற வேண்டும். இறங்கி வருவது எளிது. ஏறிப் போவதோ நாட்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் உண்பதும் உறங்குவதும் படகிலேதான்.

மழை பிடித்துவிட்டால் என்ன செய்வது? நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆறு பெருகினால் கழிக்கு நிலம் எட்டாது. நிலம் எட்டாவிட்டால் மேலே ஏற முடியாது. கீழே போகலாமென்றாலோ படகு நம் சொல் கேட்காது, தண்ணீரின் சொல்தான் கேட்கும். ஆகவே வெள்ளம் வருமுன்பே நீரோட்டம் குறைந்த ஒரு வளைவைப் பார்த்து, வேர் ஆழமான மரமொன்றில் கட்டிவிட்டுக் காத்திருப்பதே வழி. வெள்ளம் வந்த பிறகு கட்ட இடம் தேடியவன் படகையும் இழப்பான், சரக்கையும் இழப்பான். ஆறு கற்றுக்கொடுத்த முதற் பாடம் இதுதான்: நேரத்தோடு ஒதுங்கு!

கிண்ணத்தின் அடியில் ஒரு நகரம்

பாருவப் படகுகள் மறைந்துவிட்டன. இப்போது களு கங்கையில் நீங்கள் காண்பது அக்கரை இக்கரை போகும் ஓடங்களைத்தான். ஆற்றில் நீர் ஏறினால் ஓடம் நின்றுவிடும். அக்கரைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் அன்றைக்கு இல்லை.

ஆனால் இரத்தினபுரி நகரமே சில நாட்களுக்குப் படகாகிவிடுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

பாவா ஆதம் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். அந்த உயரத்திலிருந்து புறப்படும் களு கங்கை, சுமார் 40 கிலோமீற்றருக்குள் இரத்தினபுரிக்கு வந்து ஏறக்குறையச் சமதரையை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து களுத்துறைக் கடல்வரை மிச்சமிருக்கும் நீண்ட தூரத்தைச் சரிவே இல்லாமல் மெதுவாக நடந்து கடக்கிறது. ஆற்றின் மொத்த நீளம் 129 கிலோமீற்றர். மேலிருந்து ஓடி வரும் தண்ணீர் ஒரு வேகம், கீழே வெளியேறும் தண்ணீர் ஒரு வேகம். போதாததற்கு நகருக்கு அருகிலேயே வே கங்கையும் வந்து கலக்கிறது. வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. சுற்றிலும் மலை, நடுவே நகரம். கிண்ணத்தின் அடியில் குடியிருப்பதுபோலத்தான்!

இப்படி ஓர் இடத்தில் ஏன் நகரம் அமைந்தது என்று கேட்கலாம். அதற்கும் தண்ணீரே பதில். மலையிலிருந்து இரத்தினக் கற்களைப் பெயர்த்து வந்து, பள்ளத்தாக்கில் சரளை மண்ணோடு படிய வைத்ததும் ஆறுகள்தான். அந்தச் சரளைப் படுகையைக் கல் வியாபாரிகள் 'இல்லம்' என்பார்கள். அதைத் தோண்டித்தான் நீலமும் புஷ்பராகமும் எடுக்கிறார்கள். நம் சமூகத்தவர் பலர் பரம்பரை பரம்பரையாக இந்த வியாபாரத்தில் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. கொடுத்ததும் ஆறு, சில நேரம் வாசல்வரை வந்து கேட்பதும் ஆறு.

மாடிப் படகிலே மூன்று நாள்

தென்மேற்குப் பருவ மழை மே மாதத்தில் தொடங்கும். தாழ்ந்த தெருக்களில் பழகிய குடும்பங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கடைச் சரக்கு மேலே போகும். பிறகு அரிசி மூடை, மெத்தை, தையல் மெசின், பிள்ளைகளின் புத்தகங்கள். மாடி இல்லாதவர்கள் மாடி உள்ள வீட்டுக்கோ, பள்ளிவாசலுக்கோ, பாடசாலைக்கோ போவார்கள். மாடி உள்ளவர்கள் மேலே ஏறிக்கொள்வார்கள்.

அங்கிருந்து தொடங்குகிறது படகு வாழ்க்கை! நாலு பக்கமும் தண்ணீர். படிக்கட்டுதான் படகுத்துறை. கரண்ட் இல்லை. கிணறு மூழ்கிவிட்டது. சுற்றிலும் இத்தனை தண்ணீர் இருந்தும் வாயில் வைக்க ஒரு சொட்டு இல்லை. ஒரே அடுப்பில் மூன்று குடும்பத்துக்குச் சோறு. தெருவாக இருந்த இடத்தில் கடற்படையின் படகு வரும். யன்னல் வழியே சோற்றுப் பார்சல் நீட்டுவார்கள். கைக்குழந்தையை முதலில் வாங்குவார்கள். வயதானவர்களைப் பார்த்து அந்தச் சிங்களப் பிள்ளைகள் "அம்மே, நகின்ன" என்று கை கொடுப்பார்கள். 'அம்மா, ஏறுங்கள்' என்று அர்த்தம். அந்த நேரத்தில் யார் என்ன இனம் என்று படகும் கேட்பதில்லை, தண்ணீரும் கேட்பதில்லை.

பெண்களுக்கு மட்டும் தெரிந்த கஷ்டங்கள் வேறு. கழிப்பறை கீழே மூழ்கிக் கிடக்கும். அதனால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிற சகோதரிகள் உண்டு. மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லவும் முடியாது, மறைக்கவும் முடியாது. பிறர் நடுவே உடை மாற்ற மறைவு இராது. இவையெல்லாம் செய்திகளில் வருவதில்லை. ஆனால் ஓர் உம்மா வீட்டைவிட்டு இறங்குவதா, இருப்பதா என்று முடிவு செய்யும்போது இவைதான் முதலில் அவர் மனதில் வருகின்றன.

தண்ணீர் வடிந்த பிறகும் படகு உடனே கரை சேர்ந்துவிடுவதில்லை. வீடெங்கும் சேறு. இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் இடங்களில் ஒன்று. சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் இன்னும் கவனம். காய்ச்சலும் உடல் வலியும் கண்டால், சேற்றில் வேலை செய்ததை டொக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். கிணற்றை இறைத்து, குளோரின் இட்டுச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீரே நல்லது.

மலைமேல் இருப்பவர்களின் கதை

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் மேட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் சப்ரகமுவவில் அப்படிச் சொல்ல முடியாது.

2003 மே 17. களு கங்கை இரத்தினபுரியை மூழ்கடித்த அதே நாள், எலபாத்தப் பக்கத்துப் பலாவெலயில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அந்தத் தென்பகுதி வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 மே 17. கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமொன்று மண்ணுக்குள் போயிற்று. மறு வருடம் 2017 மே இறுதியில் மறுபடியும் வெள்ளம், மறுபடியும் சரிவு. 2025 நவம்பர் கடைசியில் வந்த திட்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. கேகாலை மலைகளும் அப்போது தப்பவில்லை.

ஆற்றங்கரையில் இருப்பவருக்கு நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு படி, இரண்டு படி என்று எண்ணலாம். மலைச்சரிவில் இருப்பவருக்கு அப்படி எண்ணுவதற்கு எதுவும் இல்லை. தண்ணீர் மண்ணுக்குள்ளே ஏறுகிறது. தேநீர் ஊற்றி வைத்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தோட்ட லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு வேதனையும் உண்டு. எந்தச் சரிவில் குடியிருப்பது என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், வேலைக்கு வசதியாகத் தோட்டம் கட்டிக்கொடுத்த காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பலருக்கு நிலமும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. ஆபத்து என்று இறங்கச் சொன்னால், திரும்பி வரும்போது அந்தக் காம்பரா தமக்கு இருக்குமா என்ற பயம். இறங்கினால் அன்றையக் கொழுந்துச் சம்பளமும் இல்லை. ஆற்றோரத்து வியாபாரிக்கும் மலைமேல் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் மழை ஒன்றுதான். ஒதுங்க இடம் மட்டும் ஒன்றாக இல்லை. இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் சகோதரிகளே. வெள்ள நிவாரணத்துக்குச் சோறு சமைக்கும்போது தெருவோரத்தோடு நின்றுவிடாமல், மேலே லயத்துக்கும் ஒரு பங்கு போகட்டும்.

இன்னும் இரண்டு படி ஈக்குது தானே!

மழைக்காலத்தில் இந்தப் பகுதியின் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"மாமி, தண்ணி முத்தத்துக்கு வந்திட்டு. வாங்க, ராத்தா வீட்டுக்குப் போவம்."

"இன்னும் ரெண்டு படி ஈக்குது தானே மகள். போன முறையும் இப்படித்தான் வந்து எறங்கின."

மாமியைக் குறை சொல்ல முடியாது. அவர் நாற்பது வருடம் பார்த்த ஆறு அது. பிறர் வீட்டில் போய் இருப்பது கூச்சம். முகாமில் அந்நிய ஆண்கள் நடுவே இருப்பது அதைவிடக் கூச்சம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாமான் களவு போகுமோ என்ற எண்ணம். கோழிக்குத் தீனி யார் போடுவது? எல்லாம் நியாயமே. ஆனால் அந்த இரண்டு படிகளும் இரவு இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில் மூழ்கினால், முழங்கால் வலிக்கும் மாமியை யார் தூக்குவது? பகலில் குடை பிடித்து நடந்து போகக்கூடிய தூரம், இரவில் படகுக்குக் காத்திருக்கும் தூரமாகிவிடும்.

ஆகவே முடிவை மழை வந்தபிறகு எடுக்காதீர்கள். வெயில் நாளிலேயே எடுத்து வையுங்கள். யார் வீட்டுக்குப் போவது என்று இரண்டு குடும்பங்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். மேட்டில் இருக்கும் சகோதரியே, "மழை என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் அழைத்தால் வந்துவிடுவார்கள்.

வீட்டில் ஒரு பேக் ஆயத்தமாக இருக்கட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி அதில் வையுங்கள். தினமும் எடுக்கும் மருந்து, குழந்தையின் பால்மா, டோர்ச், குடிதண்ணீர்ப் போத்தல், ஒரு மாற்று உடை, மாதவிடாய்க்கு வேண்டியவை, மறைவுக்குக் கட்ட ஒரு பெரிய சீலை. இறங்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள்.

மலைச்சரிவில் இருப்பவர்கள் மழையை அளக்கப் பழகுங்கள். பக்கம் நேரான ஒரு பழைய டின்னைத் திறந்தவெளியில் வைத்து, ஸ்கூல் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தால் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் ஆயத்தமாக வேண்டும். 150 என்றாலோ, ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ யாரையும் கேட்காமல் இறங்கிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கும் இதுதான். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று நீர் திடீரென்று கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கிக் கொடுங்கள்.

அன்புச் சகோதரிகளே! பாரிஸ் நகரத்துப் படகு வீட்டுக்காரரும், களு கங்கையில் மூங்கில் ஊன்றிய பழைய படகோட்டியும், இரத்தினபுரியின் மாடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருக்கும் உம்மாவும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் மூவரின் கையிலும் இருப்பது ஒரே கயிறுதான். வீடும் பொருளும் பழக்கமும் நம்மைப் பிடித்திருக்கும் கயிறுகள். அவற்றை அறுத்தெறியச் சொல்லவில்லை. தண்ணீர் உயரும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். வடிந்ததும் மறுபடி இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலைக் கட்டியது வெள்ளம் வந்த பிறகல்ல, வானம் தெளிவாக இருந்தபோதே! அடுத்த மழைக்கு முன்னர், இன்றைக்கே உங்கள் வீட்டு மாமியோடும் மருமகளோடும் அமர்ந்து ஐந்து நிமிடம் பேசுங்கள். "எந்தப் படிக்குத் தண்ணீர் வந்தால் நாம் இறங்குவோம்?" என்று கேட்டு, அந்தப் படியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு எந்த மழை பெய்தாலும், அந்தக் கோட்டோடு தர்க்கம் செய்யாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும், நம் அயலவர்களையும் காப்பானாக.